தூங்குகிறவர்களுக்குச் சோறு வைப்பவள்

ஆமாம், எங்கள் வீட்டு வரிசையில் சோறு ஊசியதற்கு அருள்ராணிதான் காரணம். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? காலையில் வடித்த சோறு பொழுது சாய்வதற்குள் நூல் விட்டது. கரண்டியால் அள்ளினால் பலாப்பழத்துப் பால் போல இழுத்தது. பருப்பைத் திரும்பக் கொதிக்கவைத்து மூடினாலும் மறுநாள் அதே கதைதான். என் வீட்டிலும் ஊசியது. கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிட்டுக் களி கிண்டிக்கொண்டேன். அதற்காக எதிர்வீட்டு ஜானகியம்மாள் அவளைப் பேய்க்குச் சோறு வைக்கிறவள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன். அந்தப் பெண் இங்கிருந்து போய் ஒரு வருஷ மஞ்சள் வெட்டே முடிந்துவிட்டது. ஜானகியின் பானையில் இன்னும் நூல் விடுகிறதே, இது யார் வைத்த வினை?

"அக்கா, அவ கம்பெனியில பெரிய இரும்பு டிரம்மு ஒன்னு இருக்குது. அது மேல கைய வச்சிக்கிட்டுப் பேசறா. எங்க மருமவன் மஞ்சளுக்கு மருந்து வாங்கப் போனப்ப கண்ணால பார்த்தான். 'போதும், படுங்க'ன்னு சொல்றாளாம். உள்ள யாரு படுத்துக் கெடக்கறாங்கன்னு கேளுக்கா." இது ஜானகி.

"உன் மருமவன் எதைத்தான் கண்ணால பார்க்கல? போன வருசம் சித்தேரி மலையில புலியப் பார்த்தான். கிட்டப் போனா நாயி."

வாயை அடைப்பதற்காகச் சொன்னேனே தவிர, டிரம் விஷயம் உண்மை. நானே பார்த்திருக்கிறேன்.

அருள்ராணிக்கு நாற்பதுக்கு உள்ளேதான் வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய நெற்றி, நடக்கும்போது சத்தம் கேட்காது. பொம்மிடிக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். மாதா கோயில் ஊர். தர்மபுரியில் கல்லூரி வரைக்கும் படித்தவள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில், மஞ்சள் கிழங்கு அழுகாமல் இருக்க மாவு மருந்து செய்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை. என் வீட்டுப் பின்பக்க அறையில் புருஷனோடு குடியிருந்தாள்.

வேலை முடிந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தினால் நேராக அறைக்குள் போகமாட்டாள். கொல்லைக் குளியலறைக்குப் போய்த் தலையோடு குளித்து, போட்டிருந்த துணியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். மழையோ காய்ச்சலோ, இது மாறாது. நகத்தைச் சதை வரைக்கும் ஒட்ட வெட்டியிருப்பாள். காப்பி கொடுத்தால் தன் தம்ளரைக் கொண்டுவந்து தூரத்தில் நீட்டுவாள். "என் கைய நம்பாதீங்க ஆயா. வெந்நீர்ல போட்டாலும் பாதிதான் போவுது" என்பாள். எத்தனை குளித்தும் ஒரு வாசனை அவளை விட்டுப் போகவில்லை. வேகவைத்து மூடி, மறந்தே போய்விட்ட பயறின் வாசனை அது.

"அப்படி என்னத்தடி ஒட்டிக்கிட்டு வர்ற?" என்று ஒருநாள் கேட்டேன். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மண்ணுல இருக்கற கிருமிங்க ஆயா. கெட்டதுங்க இல்ல. கிழங்கச் சுத்திக் காவலுக்கு இருக்கும். அதுங்களத்தான் நாங்க வளர்க்கறோம். வாயி கெடையாது, பல்லு கெடையாது. சோயா மாவுக் கஞ்சி ஊத்துனா அப்படியே திங்க முடியாது."

"வாயில்லாம எப்படித்தான் திங்குது?"

கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி என் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தாள். "சோயாவுல இருக்கற சத்து இந்த மாதிரி நீளமா மணி கோத்துக் கெடக்கும்னு வச்சிக்கோங்க. அதுங்க ஒடம்புல இருக்கற கதவு ரொம்பச் சிறுசு. முழு மாலை நுழையாது. அதனால எச்சி மாதிரி ஒன்ன வெளிய வுடும். அந்த எச்சி மாலையப் பிச்சிப் போடும். மூணு மணி, நாலு மணி, அஞ்சு மணி. அந்தத் துண்டு மெதந்து வர்றப்ப, கதவுக்கு வெளிய ஒரு கையி நீட்டிக்கிட்டு நிக்கும். அது பிடிச்சி உள்ள தள்ளிடும்."

"நல்ல மணியா கெட்ட மணியான்னு பார்க்குமா?"

"பெருசாப் பார்க்காதுங்க ஆயா. என்ன மணி, என்ன நெறம், ஒன்னுங் கெடையாது. அளவு சரியா இருந்தா உள்ள போவ வேண்டியதுதான்."

அவள் மாலையை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் கொஞ்ச நாளைக்குக் கஞ்சித் தண்ணீரைப் பார்த்தாலே மேல் சிலிர்த்தது. தெளிந்த தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கைகள் நெருக்கியடித்து நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இதை ஜானகியிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். அவள் அதில் கொம்பும் வாலும் வைத்துத் தெரு முழுக்க ஓட்டிவிட்டாள்.

ஒருநாள் மதியம் அருள்ராணி சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். டிரம் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்த சத்தம். "கைய வச்சிப் பாருங்க" என்றாள். வைத்தேன். சினை மாட்டின் வயிறு போலச் சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இப்பத் திங்கறாங்க, அதான் சூடு" என்றாள். அவற்றை ஆட்களைச் சொல்வது போலத்தான் சொல்வாள். "ஒவ்வொருத்தரும் ஒரு சின்னத் துண்டு வெளிய வுடுவாங்க ஆயா. அது சோறு இல்ல, சேதி. 'நான் இருக்கறேன்'னு சேதி. ஆளு பெருகப் பெருக சேதியும் பெருகும். அதையும் அதே மாதிரி கையிதான் பிடிக்கும், அதே கதவுலதான் உள்ள போவும். ஆளு நெறைஞ்சிடுச்சி, சோறு கொறைஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா, அவங்க அவங்க உள்ளுக்குள்ள கெட்டியா ஒரு வெதை கட்டிக்கிட்டுப் படுத்துருவாங்க."

"சோறும் சேதியும் ஒரே வாசலா?"

"ஒரே வாசல்தாங்க."

அப்புறம் கஞ்சி போகிற குழாயைத் திருகி மூடினாள். டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தட்டுகிற மாதிரித் தட்டி, "போதும், படுங்க" என்றாள். ஜானகியின் மருமகன் பார்த்தது இதைத்தான். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்த கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயை மூடியது போல எனக்குப் பட்டது. நின்று கேட்கத் தைரியம் வரவில்லை. வந்துவிட்டேன்.

படுத்தவற்றைக் காயவைத்து வெள்ளை மாவோடு கலந்து பொட்டலம் கட்டுவார்கள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருக்கும். அதில் உயிர் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெயிலில் காயும், கொதியில் வேகும், சாகாது. கொட்டகைத் தகரத்து இடுக்கில் வருஷக்கணக்காகச் செருகிக் கிடந்த பழைய பொட்டலம் ஒன்றை எடுத்து ஒரு சிட்டிகை கஞ்சித் தெளிவில் போட்டிருக்கிறாள். மறுநாள் அது கலங்கிப் போயிருந்ததாம். கலங்கினால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். எழுப்புவதற்குச் சோறுகூட வேண்டாமாம். ஒற்றை மணி போதுமாம், சரியான மணியாக இருந்தால்.

"எழுந்துக்காததும் உண்டாடி?"

"உண்டுங்க. சிலது எதைப் போட்டாலும் எழுந்துக்காது."

"அப்ப அது செத்ததுதான?"

"அப்படியும் சொல்ல முடியாது ஆயா. அதுக்கு வேண்டியத நாம இன்னும் போடலையோ என்னமோ."

"செத்ததுக்கும் தூங்கறதுக்கும் என்னாதான்டி வித்தியாசம்?"

"எழுந்தாத்தான் தெரியும்" என்றாள்.

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் அறைப் பக்கம் பார்த்தாள்.

அந்த அறையில் அவள் புருஷன் அந்தோணி பிரகாஷ் படுத்திருந்தான். தக்காளி வண்டி ஓட்டினவன், ஊர் நிலத்தில் மஞ்சளும் நட்டவன். தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. உடம்பு தேறியது, ஆள் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும், எதையும் பின்தொடராது. ஈ உட்கார்ந்தால் இமை துடிக்கும், அவ்வளவுதான். மூக்கில் குழாய். அதில் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, பாசிப்பருப்புத் தண்ணீர், ஆஸ்பத்திரிப் பவுடர். பகலில் அவள் வேலைக்குப் போனதும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மதியம் ஸ்கூட்டியில் வந்து ஊற்றிவிட்டுப் போவாள். அவனுக்குத் தாடி வளரும், நகம் வளரும். சிரைத்துவிடுவாள், வெட்டிவிடுவாள். சில நாள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் நம்மைப் பார்க்கிற மாதிரி தோன்றும். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

ஜன்னல் மேடையில் சின்னச் சின்னப் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஜானகி எட்டிப் பார்த்து 'மந்திர மை' என்று சொன்னது இவற்றைத்தான். ஒன்றில் புளிக்கரைசல், ஒன்றில் டீசல் நனைத்த பஞ்சு, ஒன்றில் கருவாட்டுத் தண்ணீர், ஒன்றில் அவன் ஊர்க் கோயில் மெழுகுவர்த்தியின் கருகிய திரி. தினமும் ஒன்றை எடுப்பாள். மூக்கருகே காட்டுவாள். நாக்கில் வைக்கக்கூடியதாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு பொட்டுத் தொட்டு வைப்பாள். பிறகு ஜன்னல் வெளிச்சம் படும்படி அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பாள், கொட்டகையில் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலவே. ஒன்றும் நடக்காது. "இது இல்லீங்க" என்று அவனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பாட்டிலை மேடையின் அந்தப் பக்கம் தள்ளிவைப்பாள். கோபம் கிடையாது, அழுகை கிடையாது.

"கொழா வழியா சோறு போவுது ஆயா" என்றாள் ஒருநாள். "சேதி போற வாசல் எதுன்னுதான் தெரியல."

இவளைத்தான் பேய்க்காரி என்றார்கள். ஜானகியின் பேரப்பிள்ளை ஊசின சோற்றைத் தின்று வாந்தி எடுத்த அன்று, தெருவில் பெரிய மனுஷன் என்று பேர் வாங்கிய வெங்கடாசலம் நாலு பேரோடு வந்து நின்றான்.

"ஆயா, அந்தப் பொம்பள டிரம்மு தண்ணியத்தான் புருசனுக்கு ஊத்துது. அதான் அந்த ஆளு சாவவும் இல்ல, பொழைக்கவும் இல்ல. காலி பண்ணச் சொல்லுங்க."

"நீ ராத்திரியில ஊத்திக்கறத நான் என்னைக்காவது கேட்டனா? என் வூட்டுல யாரு இருக்கணும்னு நான் சொல்றேன், போ."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று, அந்தோணியின் அண்ணன் சவுரியப்பனுக்குப் போன் போட்டு வரச்சொன்னான்.

சவுரியப்பன் கெட்டவன் இல்லை. வரும்போதே கண் சிவந்திருந்தது. தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்திருக்கும், தேய்த்துவிட்டான். பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான்.

"அருளு, நான் உன்னத் திட்ட வரல. நீ பார்த்துக்கற மாதிரி பெத்தவகூடப் பார்க்கமாட்டா. ஆனா இவன் இப்படிக் கெடக்கறத என்னால பார்க்க முடியல. எங்கப்பாவும் இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. மண்ணாச இருந்தா உசுரு போவாதுன்னு நெலத்து மண்ணக் கரைச்சி ஒரு வாயி ஊத்துனோம். நிம்மதியாப் போயிட்டாரு. கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. தெரிய வேணாம்."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பொன்னை உரசி ஊற்றுவார்கள், மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். எந்த ஆசை பிடித்து வைத்திருக்கிறதோ அதைக் காட்டி அனுப்பிவைக்கிற வழக்கம். அருள்ராணி முடிச்சைப் பிடுங்கி வெளியே எறிவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவள் வாங்கிப் பிரித்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"எந்தப் பக்கத்து மண்ணுங்க மாமா?"

"கெணத்துக்கு மேக்கால. கடைசியா அவன் மஞ்ச நட்ட எடம்."

"அன்னிக்கு வெதக்கெழங்குக்கு மருந்து பொரட்டிக் குடுத்தது நான்தான்" என்றாள் மெதுவாக. "எங்க ஆளுங்க இதுல இருப்பாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னல் மேடையில் எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. இவள் இதை மட்டும்தான் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் தம்பியை அனுப்பிவைக்க மண் கொண்டுவந்திருக்கிறான். பெண்டாட்டி அதே மண்ணைப் புருஷனை எழுப்ப எடுத்துக்கொண்டாள். ஒருவர் நினைப்பதை ஒருவர் கேட்கவில்லை. நடுவில் நின்ற எனக்கு இரண்டும் தெரிந்தது. யார் பக்கம் பேசினாலும் மண் அவன் நாக்குக்குத்தான் போகப்போகிறது.

"ஊத்தக் கூடாதுங்க மாமா, பொரையேறிடும். நான் தொட்டு வைக்கறேன்" என்றாள். தம்ளரில் கரைத்து, அடியில் படிகிற வரைக்கும் காத்திருந்து, மேலே தெளிந்ததில் பஞ்சுக் குச்சியை நனைத்து அவன் நாக்கில் வைத்தாள்.

தொண்டை ஏறி இறங்கியது.

நான் பார்த்தேன். சவுரியப்பன் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜானகியும் பார்த்தாள். அருள்ராணி குச்சியை இழுத்தாள், வரவில்லை. அவன் உதடு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், விடவில்லை. அத்தனை காலம் மேல்கூரையிலேயே கிடந்த கண் இரண்டும் இறங்கி அவள் கைக்கு வந்தன. அங்கிருந்து முகத்துக்கு வந்தன. நின்றன. "எழுந்துட்டாரு" என்றாள் அருள்ராணி, மூச்சுக்காற்றில். ஜானகி வீல் என்று கத்திக்கொண்டு ஓடினாள். சவுரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டான். கொஞ்சநேரத்தில் உதடு தளர்ந்தது. கண் பழையபடி மேலே போய்விட்டது.

மறுநாள் மதியம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் மூச்சு நின்றது. இழுப்பு இல்லை, துடிப்பு இல்லை. அவள் கஞ்சி ஊற்ற வந்தவள், கதவருகிலேயே தெரிந்துகொண்டாள். வந்து அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள், டிரம்மில் வைக்கிற அதே கையை. சூடு முழுக்க இறங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை. ஆனால், 'படுங்க' என்று சொல்லவில்லை.

"மண்ணாசதான் பிடிச்சி வச்சிருந்துச்சி. தீந்துச்சி, போயிட்டான்" என்றான் சவுரியப்பன்.

"இல்லீங்க மாமா. எழுந்தாரு. எழுந்து என்னப் பார்த்தாரு. அப்பறந்தான் போனாரு."

"சரிம்மா, அப்படியே வச்சிக்க."

"வச்சிக்கறது இல்லீங்க. பார்த்தாரு."

தெரு மூன்றாவதாக ஒன்று சொன்னது: கொன்றுவிட்டாள், மண்ணில் தன் கிருமியைக் கலந்து கொன்றுவிட்டாள் என்று. மண்ணைக் கொண்டுவந்தது அண்ணன், கொண்டுவரச் செய்தது இவர்களுடைய போன். அதை மறந்துவிட்டார்கள். அவன் எழுந்துதான் போனானா, இல்லை போவதற்காகத்தான் கண்ணை அசைத்தானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கண் அவளைப் பார்த்தது என்று மட்டும் எந்தக் கோயில் வாசலிலும் வந்து சொல்வேன்.

ஊரில் அடக்கம் முடிந்து, காரியங்கள் முடிந்து திரும்பி வந்தாள். வெங்கடாசலம் மறுபடி வருவதற்கு முன்னாலேயே தானாகக் கிளம்பிவிட்டாள். "நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க ஆயா" என்றாள். நான் இரு என்றேன், அவள் கேட்கவில்லை. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். தரையை வெந்நீர் விட்டுத் தேய்த்தாள், இரண்டாம் தரமும் தேய்த்தாள். தெருப்பெண்கள் அவரவர் வாசலில் நின்று அவள் எதைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் ஒரே ஒரு துணிப்பை இருந்தது.

நிலைப்படி வரைக்கும் வந்தவள் திரும்பிப் போனாள். மண் கரைத்த தம்ளர் அலமாரி மூலையில் அப்படியே இருந்தது. தண்ணீர் வற்றி, அடியில் மண் வெடித்துக் காய்ந்திருந்தது. கழுவப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலை எச்சிலில் நனைத்தாள். அடிமண்ணில் ஒற்றினாள். தன் நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.